ஆவி குடித்த மரவட்டை

அந்தக் காலத்தில் மரவட்டைக்கு வாய் இருந்தது. இலை தின்கிற வாயைச் சொல்லவில்லை, பேசுகிற வாய். மற்ற ஜீவன்களும் பேசத்தான் செய்தன. காக்கை ஊர்வம்பு பேசும், ஆடு சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசும், எருமையிடம் ஒன்று கேட்டால் மறுநாள்தான் பதில் வரும். மரவட்டை அப்படியில்லை. தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லும், அதையும் சுருக்கமாகச் சொல்லும். இப்படி ஒரு பிறவி மனிதரோடு சேர்ந்து பிழைக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். அது சேர்ந்தது. அப்புறம் என்ன ஆயிற்று என்பதுதான் கதை.

நொய்யல் கரையில் கொப்பரைப்பாளையம் என்று ஓர் ஊர். சுற்றுப்பட்டில் எல்லோரும் நெல்லைச் சட்டியில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அவித்துக்கொண்டிருந்தபோது, இந்த ஊர்க்காரர்கள் ஆளுயரத்துக்குச் செம்பில் ஒரு கொப்பரை செய்தார்கள். அதில் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி, கீழே தீ மூட்டினார்கள். கொப்பரையிலிருந்து ஒரு பெரிய மூங்கில் குழாய் கிளம்பி, கிளை கிளையாகப் பிரிந்து, வரிசையாக நின்ற தாழிகளுக்குப் போகும். தாழி நிறைய நெல் இருக்கும். ஆவி அடியில் புகுந்து மேலே வருவதற்குள் நெல் அவிந்துவிடும். ஊர் மொத்தத்துக்கும் வருஷச் சோறு அந்தக் கொப்பரையிலிருந்துதான் வந்தது.

ஒரே ஒரு தொல்லை. உள்ளே ஆவி எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. வேகம் குறைந்தால் அரிசியின் நடுவில் பச்சை நிற்கும், குத்தும்போது நொறுங்கும். வேகம் மிஞ்சினால் மூடி பறக்கும். ஒரு முறை அப்படிப் பறந்த மூடி, கருப்பராயன் கோயில் வேப்பமரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. சாமிக்குக் குடை சாத்திவிட்டோம் என்று அப்போது எல்லோரும் சிரித்துச் சமாளித்தார்கள்.

அந்த வேகத்தை அறிந்துகொள்ள அவர்கள் பார்க்காத வழியில்லை. முதலில் மூடியில் ஒரு துளை போட்டு, அதன்மேல் ஒரு கல்லை வைத்தார்கள். ஆவி மிஞ்சினால் கல் ஆடும், கல் ஆடினால் தீயைக் குறைக்கலாம் என்பது யோசனை. கல் ஆடுகிற சத்தம் தலைவலியாக இருக்கிறதென்று யாரோ ஒரு புண்ணியவான் இன்னொரு கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தான். அந்த யோசனை அதோடு முடிந்தது.

பிறகு ஒரு நெடு மூங்கிலின் கணுக்களைக் குடைந்து, தண்ணீர் நிரப்பி, கொப்பரையோடு சேர்த்து நிமிர்த்தி வைத்தார்கள். ஆவி தள்ளத் தள்ளத் தண்ணீர் மேலே ஏறும். அது எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் ஆவியின் வேகம். நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் மூங்கில் பனைமர உயரத்துக்குப் போய்விட்டது. ஓர் ஆள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து சொல்லி முடிப்பதற்குள் கீழே நிலைமை வேறாகியிருக்கும்.

கடைசியில் ஜீவன்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தவளை வந்து, ஆவி ஏற ஏறத் தன் வயிறு உப்பும், அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றது. நாலு பேர் சுற்றி நின்று பார்த்தாலே அதன் வயிறு உப்பிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஓணான் வந்தது. தணலா, குளிரா, நெல்லா, பதரா, எதைக் கேட்டாலும் தலையை ஆட்டியது. அதையும் அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கொப்பரைக்குத் தீ போடுகிறவள் பெயர் பாவாத்தாள். அவள் புருஷன் சென்னியப்பன் மூடிக்கு மண் பூசுகிறவன். எங்கே ஆவி கசிகிறதோ அங்கே ஓடிப்போய்க் களிமண்ணை அப்புவது அவன் வேலை. ஊரிலேயே கொப்பரைக்குப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கிறவன் அவன்தான். அதனால் ஆவி மிஞ்சினால் முதலில் போவது யார் என்பதைப் பாவாத்தாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கட்டையையும் அடுப்பில் தள்ளும்போது அவள் மூடியடியில் நிற்கிறவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்வாள். நெல் அவிந்தாலும் அவியாவிட்டாலும் போகட்டும், அவன் ராத்திரிச் சோற்றுக்கு முழுசாக வீடு வந்து சேர வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

ஒரு நாள் அவள் தூக்கிய கட்டையின் அடியில் ஈரத்தோடு ஈரமாக ஒரு மரவட்டை சுருண்டு படுத்திருந்தது. அந்தக் கட்டை தீக்குள் போகிற நேரம். அவள் அதைத் தட்டி எடுத்துக் குழாயின்மேல் வைத்தாள்.

"அடுப்புக்குள்ள போறதுக்கு அத்தன ஆசையா உனக்கு?" என்றாள்.

"ஈரமா இருந்துது, ஏறிப் படுத்தேன். தீக்கு வந்த கட்டைன்னு எனக்கென்னக்கா தெரியும்?" என்றது மரவட்டை.

குழாயில் அந்த இடத்தில் ஊசித்துளை அளவுக்கு ஒரு கசிவு. மரவட்டை அதில் வாயை வைத்து ஒரு மடக்கு ஆவி குடித்தது. குடித்ததும் சுருண்டிருந்த அதன் உடம்பு மெல்ல அவிழ்ந்தது.

"நல்லாருக்குதுக்கா. ஆனா எளசா வருது. சித்தெ கட்ட தள்ளு," என்றது. அவள் சிரித்துக்கொண்டே தள்ளினாள். இன்னொரு மடக்கு குடித்தது. உடம்பு இன்னும் கொஞ்சம் அவிழ்ந்தது. "இப்பப் பதம். இதுக்கு மேல வேண்டாம்," என்றது.

அவள் தாழியைத் திறந்து ஒரு பிடி நெல்லை எடுத்து உமியை நிமிண்டிப் பார்த்தாள். அரிசி நடுவரைக்கும் கண்ணாடிபோல வெந்திருந்தது. அன்றைக்கே அவள் சென்னியப்பனைக் கூப்பிட்டுக் காட்டினாள். சென்னியப்பன் ஊர் மணியகாரர் காளியண்ணனைக் கூட்டிவந்து காட்டினான்.

மணியகாரர் நல்ல மனிதர்தான். அதைச் சொல்லிவிட வேண்டும். கதையில் ஒரு கெட்டவரைக் காட்டிவிட்டால் கேட்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் இந்தக் கதையில் அப்படி யாரும் இல்லை. அவர் குழாயில் ஒரு துளை போட்டு அதற்கு ஒரு தக்கையும் செய்துகொடுத்தார். பாவாத்தாள் தக்கையை எடுப்பாள், மரவட்டை ஒரு மடக்கு குடிக்கும், வாயை எடுத்துக்கொண்டு மூன்றில் ஒரு வார்த்தை சொல்லும். ஆவி போதாவிட்டால் "எரி." சரியாக இருந்தால் "பதம்." மிஞ்சிப் போனால் "தணி." தணி என்றால் எரிகிற கட்டையை அடுப்பிலிருந்து இழுத்துத் தண்ணீர் தெளித்துவிட வேண்டும்.

அப்படியே சில வருஷம் ஓடியது. மூடி பறக்கவில்லை. அரிசி நொறுங்கவில்லை. கொப்பரைப்பாளையத்து அரிசி என்றால் சந்தையில் தெரிந்த முகத்துக்கு மட்டும் கொடுக்கிற நிலைமை வந்தது. நோம்பி, பண்டிகை நாளில் மரவட்டைக்கு முதல் வெல்லம் வைத்தார்கள். பாவாத்தாளும் கட்டைக்கு ஒரு தடவை புருஷனை நிமிர்ந்து பார்ப்பதை விட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து அவள் மரவட்டையோடு ஊர்க்கதை பேசுவாள். சென்னியப்பன் பூசுமண்ணைக் குழைத்துக்கொண்டே, "பூச்சியோட பேசற பேச்சுல பாதி என்றகூடப் பேசலாமில்ல அம்முணி?" என்று சீண்டுவான்.

ஆனால் நன்மை பழகிவிட்டால் அது நன்மையாகத் தெரியாது. மூடி பறக்காமல் இருப்பது இயற்கை, தணி என்று பூச்சி கத்துவதுதான் தொல்லை என்று ஆகிவிட்டது.

தணி என்றதும் எல்லாம் நிற்கும். தாழியில் பாதி அவிந்த நெல் கிடக்கும், வண்டியில் மீதி நெல்லோடு ஆட்கள் காத்திருப்பார்கள், மாடு கழுத்தை ஆட்டிக்கொண்டு நிற்கும். மறுபடி தீ மூட்டி ஆவி ஏறப் பொழுது சாய்ந்துவிடும். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு முகத்தைத் தூக்கினார்கள். "இந்தக் கெரகம் இப்பத்தான் கத்தோணுமா?" என்று வண்டிக்காரர்கள் அதன் காதுபடவே சொன்னார்கள். போகிறவன் வருகிறவன் ஆள்காட்டி விரலால் அதை ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. விளையாட்டாகத்தான் சுண்டினார்கள். சுண்டுகிறவனுக்குத்தானே அது விளையாட்டு? பதம் என்று சொன்ன நாளில் வெல்லம் வந்தது, தணி என்று சொன்ன நாளில் வரவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவு செய்த காரியமில்லை இது. கை தானாக அப்படிப் பழகிக்கொண்டது.

ஒரு நாள் மரவட்டை பாவாத்தாளிடம் கேட்டது.

"ஏனக்கா, நான் தணின்னா எல்லாருக்கும் ஏன் மூஞ்சி அப்புடிப் போகுது? நானா மூட்டினேன் தீய?"

"கண்டுக்காத கண்ணு. அவிங்களுக்கு அவசரம்."

"நேத்து ஒருத்தர் சுண்டுனதுல அந்தக் கட்டைல போய் உழுந்தேன். இன்னும் நோவுது."

பாவாத்தாளுக்கு அன்று காலையில்தான் மணியகாரர் வீட்டு ஆட்களிடம் நல்ல வசவு கிடைத்திருந்தது. பூச்சி பேச்சைக் கேட்டுக்கொண்டு ஊர் வேலையைக் கெடுக்கிறாள் என்று. சென்னியப்பனையும் சேர்த்துத்தான் திட்டினார்கள். அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னாள்:

"உள்ளதச் சொல்லு கண்ணு, உன்னைய யாரு வேண்டாங்கறா? கொஞ்சம் பாத்துச் சொல்லு. அவ்வளவுதான்."

கொஞ்சம் பார்த்துச் சொல்லு. நம் ஊரில் இந்த வார்த்தையைச் சொல்லாதவர் யார்? அளக்கிறவரிடம் சொல்கிறோம், தீர்ப்புச் சொல்கிறவரிடம் சொல்கிறோம், நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியரிடம்கூடச் சொல்கிறோம். பொய் சொல் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

மரவட்டை புத்தியுள்ள பிறவி. புரிந்துகொண்டது. அடுத்த முறை ஆவி கொஞ்சம் மிஞ்சியிருந்தபோது அது வாயை எடுத்துச் சுற்றிலும் நின்ற முகங்களை ஒரு பார்வை பார்த்தது. பார்த்துவிட்டு, "பதம்" என்றது.

ஒன்றும் ஆகவில்லை. கொப்பரை நல்ல கனத்த செம்பு, தாங்கியது. நெல் சீக்கிரமாக அவிந்தது. வண்டிகள் வெளிச்சத்திலேயே வீடு திரும்பின. மணியகாரரே வந்து தன் கையால் வெல்லம் வைத்து, "இப்பத்தான் பூச்சிக்கு விவரம் வந்திருக்குது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாவாத்தாள் மட்டும் மரவட்டையின் உடம்பைப் பார்த்தாள். பதம் என்கிறபோது வழக்கமாக அரைவட்டமாக நிற்கும் உடம்பு, இன்றைக்கு அதற்குமேல் அவிழ்ந்திருந்தது. கண்ணுக்கு அப்படித் தோன்றுகிறதோ என்று நினைத்தாள். அன்று சென்னியப்பனும் பொழுதோடு வீட்டுக்கு வந்து அவள் கையால் சுடுசோறு தின்றான். அந்தச் சந்தோஷத்தில் அவள் அதை மறந்துபோனாள்.

அதற்குப் பிறகு தணி என்ற வார்த்தையே அந்த ஊரில் அபூர்வமாகிவிட்டது.

அந்த வருஷம் ஐப்பசியில் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. விட்டால் போதும் என்று அறுத்த நெல்லைக் களத்தில் கொட்டினார்கள். மழை விடவில்லை. ஈர நெல் சூடேறி முளைகட்ட ஆரம்பித்தது. அவிக்காமல் விட்டால் அத்தனையும் மாட்டுக்குத்தான். ஊருக்கு அடுத்த அறுப்பு வரைக்கும் கஞ்சிக்கு வழியில்லை. மணியகாரர் களத்துக்கும் கொப்பரைக்குமாக நடந்து நடந்து, இருந்த தாழிகளையெல்லாம் ஒன்றாகக் குழாயில் சேர்க்கச் சொன்னார். கடைசித் தாழிக்கு ஆவி எட்டவில்லை என்று ஆட்கள் வந்து சொன்னார்கள்.

"கட்டயத் தள்ளு பாவாத்தா. யோசிக்காத, தள்ளு!"

தள்ளினாள். ஈர நெல்லோடு வந்த சண்டும் சருகும் குழாயின் வாய்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தது. அது ஒருவருக்கும் தெரியவில்லை. ஆவிக்குப் போக வழியில்லை, கொப்பரைக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தது. தாழிகளில் மட்டும் சூடு குறைவதைப் பார்த்து, இன்னும் எரிக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

பாவாத்தாள் தக்கையை எடுத்தாள். மரவட்டை ஒரு மடக்கு குடித்துவிட்டு நிமிர்ந்தது. அதன் முன்னால் மழையில் நனைந்த மணியகாரர், அவருக்குப் பின்னால் ஊர் முழுவதும், கைக்குழந்தைகளோடு பெண்கள்கூட நின்றிருந்தார்கள். எல்லோரும் அதன் வாயையே பார்த்தார்கள்.

"பதம்," என்றது மரவட்டை. குரல் சின்னதாக வந்தது.

பாவாத்தாள் அதன் உடம்பைப் பார்த்தாள். சுருளே இல்லை. வெட்டிப்போட்ட குச்சிபோல நெட்டுக்குத்தலாக நின்றது. இந்த முறை கண்ணுக்கு அப்படித் தோன்றுகிறது என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கொப்பரையை ஒட்டிய மண்மேட்டில் ஒரு காலை வைத்து, விளிம்பில் மண் பூசிக்கொண்டிருந்த சென்னியப்பன் அங்கிருந்தே கேட்டான்.

"என்ன அம்முணி சொல்லுது?"

தீயை இழு என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. சொன்னால் களத்தில் கிடக்கிற நெல் போகும். ஊர் முழுவதும் அவள் முகத்தைப் பார்க்கும். பூச்சியே பதம் என்கிறபோது இவளுக்கு என்ன வந்தது என்று கேட்பார்கள். பூச்சிக்குத் தெரியாதா, இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே, இதுவும் அப்படித்தான் போகும் என்று அவள் மனசு அவளிடமே பார்த்துச் சொன்னது.

"பதம்ங்குதுங்க," என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டுக் கையிலிருந்த மண்ணை அப்பினான். அப்போதுதான் கொப்பரை அவன் நின்ற பக்கமாக வெடித்தது.

மூடி எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை. வெள்ளை வெளேரென்று ஆவி களத்தை மூடி, மெல்ல விலகியபோது சென்னியப்பன் கொப்பரைக்கு அந்தப்பக்கம் கிடந்தான். பாவாத்தாள் ஓடிப்போய்த் தூக்கினாள். வெந்த தோல் அவள் கையோடு வந்தது. அவனுக்கு உடனே உயிர் போகவில்லை. உடனே போயிருக்கலாம். பொழுது விழுகிற வரைக்கும் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் புகட்டிக்கொண்டே இருந்தாள். பதம் என்று சொன்னது பூச்சியா நீயா என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

நெல்லும் போயிற்று. அவனை எடுத்து முடித்த மறுநாள் ஊர் கொப்பரையடியில் கூடியது. உடைந்த குழாயின் ஒரு துண்டில் மரவட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"பொய் சொல்லி ஒரு உசுர வாங்கீருச்சு. நசுக்கித் தூக்கி எறிங்கப்பா," என்றார் மணியகாரர். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. சென்னியப்பனை அவருக்குச் சிறு வயதிலிருந்து தெரியும்.

ஒருவன் காலைத் தூக்கினான்.

"நான் என்ன சொல்லோணும்னு நீங்கதானுங்க பழக்குனீங்க," என்றது மரவட்டை. "தணின்னேன், சுண்டுனீங்க. பதம்னேன், வெல்லம் வெச்சீங்க. எனக்கும் நோவுமில்லீங்களா?"

"வாய மூடு!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

மரவட்டை அவர்களை விட்டுவிட்டுப் பாவாத்தாள் பக்கம் திரும்பியது. "அக்கா, என்ற வாய்தான் பொய் சொல்லுச்சு. என்ற ஒடம்பு சொல்லலியே. குடிச்ச வேகத்துக்கு அவுந்துதான நின்னுது? நீ பாத்தீல்லக்கா? நேரா என்னையத்தானக்கா பாத்த?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள், காலைத் தூக்கியவனைத் தள்ளிவிட்டு மரவட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தீயில் போடத்தான் கொண்டுபோகிறாள் என்று நினைத்து ஊர் கலைந்தது.

துக்கம் ஊருக்கு எத்தனை நாள் நிற்கும்? அடுத்த அறுப்பு வந்தது, வயிறு இருந்தது, புதுக் கொப்பரை வந்தது. தீ போட ஆள் தேடியபோது பாவாத்தாள் தானே வந்து நின்றாள். மடியில் மரவட்டை இருந்தது. மணியகாரர் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்.

குழாயின் துளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அரக்கை உருக்கினாள்.

"இனி உனக்குப் பேச்சு வேண்டாம் கண்ணு," என்றாள். "எங்க மூஞ்சியப் பாக்கவும் வேண்டாம். பாத்தா மறுக்கா பயப்படுவே, மறுக்கா பதம்பே."

"நோவுமாக்கா?" என்று கேட்டது மரவட்டை.

"நோவும்," என்றாள். அவள் அன்று அதனிடம் பொய் சொல்லவில்லை.

மரவட்டையின் வாயைத் துளைக்குள் விட்டுச் சுற்றிலும் அரக்கை ஊற்றி அடைத்தாள். இனி அந்த வாய் வழியே ஆவி உள்ளே போகலாம், வார்த்தை வெளியே வராது. இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு அரக்கு வைத்தாள். வால் நுனியை மட்டும் சும்மா விட்டு, அதில் ஒரு வேலமுள்ளைச் செருகினாள். பின்னால் ஒரு வட்டப் பலகை வைத்து, யாரும் சுண்டாமல் இருக்க முன்னால் கண்ணாடிபோலத் தெரிகிற காக்காப்பொன் ஏட்டைப் பதித்தாள். தீ மூட்டியதும் ஆவி உள்ளே போயிற்று. சுருள் அவிழ அவிழ முள் பலகைமேல் மெல்ல நகர்ந்தது.

"எங்க நிறுத்தோணும்னு எப்புடித் தெரியும்?" என்று மணியகாரர் கேட்டார்.

அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த உடம்பு எப்படி நின்றது என்பது கண்ணை மூடினாலும் மறையாமல் அவளுக்குள் இருந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்த் தன் குங்குமச் சிமிழை எடுத்துவந்தாள். அதை இனி வைத்துக்கொண்டு அவளுக்கு என்ன வேலை? எண்ணெயில் குழைத்து, முள் எட்டக்கூடாத இடத்துக்கு நன்றாக முன்னாலேயே பலகையில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள்.

"இதத் தாண்டுனா தீய இழுத்துப்போடுவேன். என்னையக் கேக்காதீங்க," என்றாள்.

முள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெல்லத்துக்கு ஆசைப்படவில்லை. வண்டிக்காரர்கள் ஆரம்பத்தில் அதையும் திட்டிப் பார்த்தார்கள், அதற்குக் காது கேட்கவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது. அடுத்த ஐப்பசியும் வந்தது.

மழை கொட்டியது. களத்தில் நெல் கிடந்தது. போன வருஷத்தைப் போலவே தாழிகளையெல்லாம் சேர்த்துக் கட்டினார்கள். முள் நகர்ந்து நகர்ந்து சிவப்புக் கோட்டைத் தொட்டது, கொஞ்சம் தாண்டியது. பாவாத்தாள் கொக்கியை எடுத்துக்கொண்டு அடுப்பின் வாய்க்குப் போனாள்.

"சித்தெ இரு பாவாத்தா," என்றார் மணியகாரர். குனிந்து முள்ளைப் பார்த்தார். ஊரும் அவருக்குப் பின்னால் குனிந்து பார்த்தது. "முள்ளு சிக்கிட்டு நிக்கறாப்புல இருக்குது," என்று சொல்லி ஆள்காட்டி விரலால் காக்காப்பொன் ஏட்டின்மேல் ஒரு தட்டு தட்டினார்.

முள் லேசாக நடுங்கியது. இறங்கவில்லை. இன்னும் ஒரு நூல் மேலே ஏறியது.

அவர் மறுபடி தட்டினார்.

பாவாத்தாள் திரும்பி அந்த விரலைப் பார்த்தாள். சென்னியப்பனைத் தூக்கிப்போன பாடையில் முன்பக்கம் தோள் கொடுத்தவர் இவர்தான். அவள் கொக்கியை உள்ளே விட்டு, எரிகிற கட்டைகள் அத்தனையையும் மழைச் சேற்றில் இழுத்துப் போட்டாள். புகை எழுந்தது. கொப்பரை தணிந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வருஷம் பாதி நெல் முளைத்துப்போயிற்று. உயிர் மிஞ்சியதை யாரும் பேசவில்லை, நெல் போனதைத்தான் பேசினார்கள். அவள் சாகிற வரைக்கும் பேசினார்கள். ஒன்றுமில்லாததுக்குத் தீயை அணைத்தவள் என்றே ஊரில் அவளுக்குப் பெயர் நிலைத்தது.

மரவட்டை அந்தக் குழாயிலேயே இருந்து அங்கேயே செத்தது. அது செத்த பிறகு கன்னார் வந்து, அதே அளவில், அதே சுருளாக, உள்ளே கூடாகச் செம்பில் ஒன்று செய்து அந்த இடத்தில் வைத்தார்கள். அதுவும் ஆவி புகப்புக அவிழ்ந்தது, தணியத் தணியச் சுருண்டது. பலகையும் முள்ளும் சிவப்புக் கோடும் அப்படியே இருந்தன. கொப்பரைகள் ஊர் ஊராகப் பரவியபோது அதுவும் கூடவே போயிற்று.

அன்று முதல்தான் மரவட்டைகள் வாய் திறப்பதில்லை. மனித விரல் பட்டாலே சுண்டப்போகிறார்கள் என்று சுருண்டுகொள்கின்றன. கொதிகலனுக்கு முன்னால் நிற்கிறவர் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்ததும் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்ப்பதும் அன்று முதல்தான். முள் சிவப்புக்குக் கீழே நின்றால் ஒரு தட்டோடு விட்டுவிடுகிறார். மேலே நின்றால் மட்டும் மறுபடி மறுபடி தட்டிக்கொண்டே இருக்கிறார்.